ரைட்டுவுக்கு ஏக்கம் இல்லை, மாமா

பாசமுள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதுகிறேன். 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதப் போய் நிறுத்திக்கொண்டேன். உங்கள் நலத்தை இனி யாரிடம் போய்க் கேட்பது? இங்கே எல்லோரும் இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி பழையபடிதான். உங்கள் மகன் கொஞ்சம் இளைத்திருக்கிறார், அது நல்லதற்குத்தான். உங்கள் ரைட்டு விஷயத்தில்தான் ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது. செய்தது நான். வேறு யாராவது உங்கள் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் ரைட்டு யார் என்று அவர்களுக்கு நாலு வரி சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ்ஸில் வருஷக்கணக்கில் கண்டக்டராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற வாரமே நீங்கள் வாங்கிக்கொண்டு வந்த பறவை அவன். கடைக்காரர் காக்டெயில் கிளி என்று சொன்னாராம். சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, இரண்டு கன்னத்திலும் செங்காவிப் பொட்டு. வேலை போன கையோடு விசிலும் போய்விட்டதே என்று நீங்கள் வாயாலேயே அவனுக்கு ஊதிக் காட்டினீர்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் புறப்படு. அவன் இரண்டு விசிலை மட்டும் கற்றுக்கொண்டான். நிறுத்துகிற விசில் அவனுக்கு வரவே இல்லை. அதனால்தான் ரைட்டு என்று பெயர் வைத்தீர்கள்.

நானும் உங்கள் மகனும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றபோது நீங்கள் என்னை உள்ளே வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. திருநாவலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். உங்கள் சொந்தக்காரர்கள் வாயில் எனக்கு 'வேதக்காரி' என்று பெயர். ஒரு வருஷம் என் முகம் பார்த்து நீங்கள் பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் கூண்டைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"டேய் ரைட்டு, கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு அந்தப் பொண்ணாண்ட சொல்லு."

நான் மட்டும் சளைத்தவளா? நாளைக்குக் கம்மியாகப் போடுகிறேன் என்று அவனிடமே பதில் சொல்லிவிட்டுப் போவேன். அவன் பாவம், கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருப்பான். பிறகு ஒரு மத்தியானம் அவன் அசந்து தூங்கிவிட்டான். உங்களுக்கு வேறு ஆள் இல்லை. "மணி இன்னா ஆச்சும்மா?" என்று என்னையே கேட்டீர்கள். அந்த 'ம்மா'வுக்குப் பிறகு நமக்குள் சண்டை வந்திருக்கிறது, பேச்சு நின்றதில்லை.

போன ஆடியில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாவு வீட்டில் நான் எங்கே நிற்பது, எதைத் தொடுவது என்று தெரியாமல் தூணோடு தூணாக நின்றேன். இனிமே இந்த வீட்டில் அவருக்கு விளக்கு ஏற்ற ஆள் ஏது, மருமகள் வேதக்காரி ஆச்சே என்று பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். மெல்லப் பேசுவதாக அவர்களுக்கு நினைப்பு. எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது, மாமா. என் ரோஷம்தான் உங்களுக்குத் தெரியுமே.

காரியம் முடிந்த மறுநாள் உங்கள் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். ஜன்னலோரம் இருந்த ரைட்டுவின் கூண்டைத் தூக்கி வந்து படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் பிரிந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். காலையில் மூன்று ஊதுபத்தி, சாயந்திரம் மூன்று ஊதுபத்தி. வெள்ளிக்கிழமை கப் சாம்பிராணி. அமாவாசைக்குக் கற்பூரம். காய்ச்சலோடு படுத்திருந்த நாளில்கூட எழுந்து வந்து ஏற்றினேன். உங்கள் மகள் செல்வி அண்ணி சின்னசேலத்திலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கே இவ்வளவு தோன்றவில்லையே என்றார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

புரட்டாசி வாக்கில் கூண்டுக்கு அடியில் இறகு விழ ஆரம்பித்தது. வருஷா வருஷம் பழைய இறகு உதிர்ந்து புதிது வருவதுதானே என்று பெருக்கித் தள்ளினேன். அப்புறம்தான் கவனித்தேன், அவை தானாக உதிர்ந்த இறகுகள் இல்லை. நடுவில் கடித்து முறித்த இறகுகள். நெஞ்சில் ஓரிடத்தில் தோல் தெரிந்தது, உரித்த கோழி மாதிரி இளஞ்சிவப்பாக. அவனே அலகால் பற்றி இழுத்து, ஒரு கணம் வாயில் வைத்திருந்துவிட்டுக் கீழே போட்டான். விசில் நின்றுபோய்ச் சில நாள் ஆகியிருந்தது. எப்போது நின்றது என்று எங்கள் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அத்தைதான் முதலில் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். ஏக்கம். "ஆள நெனச்சு ஏங்கிக்கினு கெடக்குது. அதுக்கு இன்னா, வாய் தெறந்து சொல்லத் தெரியுமா?"

அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. தெருவே ஒத்துக்கொண்டது. எனக்கு அந்தக் கதை எவ்வளவு பிடித்துப்போனது என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. இறகில்லாத நெஞ்சோடு உங்கள் படத்துக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்து, 'மாமாவை நினைத்து ஏங்கும் ரைட்டு' என்று எழுதி வாட்ஸப்பில் வைத்தேன். கோர்ட்டில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் பாதிப் பேர் அழுகிற பொம்மை அனுப்பினார்கள். உங்களோடு வேலை பார்த்த டிரைவர் ஒருத்தர் வந்து கூண்டுக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். செல்வி அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அவர்கள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கை போய்விடக் கூடாது என்று மனசுக்குள் ஒரு மூலையில் நினைத்தேனா? நினைத்திருப்பேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஜோடி இல்லாத குறை என்று ஒருவர் சொன்னார். கண் பட்டிருக்கிறது என்று அத்தை கூண்டில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். கோழி வளர்க்கிற ஒருவர், பேன் பிடித்திருக்கும், வேப்பெண்ணெய் தடவு என்றார். அதையும் செய்தேன், மாமா. என் கையாலேயே பஞ்சில் நனைத்து நெஞ்சிலும் இறக்கைக்கு அடியிலும் தடவினேன். இருந்த இறகும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. அவன் அதைக் கோதிக் கோதி விழுங்கிவிட்டு இரண்டு நாள் உடம்பை உப்பிக்கொண்டு நடுங்கினான். ஆஸ்பத்திரி என்ற நினைப்பு எனக்கு ஏன் வரவில்லை? ஏக்கத்துக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?

தை மாதம் ஒரு காலை, கூண்டில் விரித்திருந்த பேப்பர் முழுக்க ரத்தம். புதிதாக முளைத்து வந்த குருத்து இறகைக் கடித்துவிட்டான். அதற்குள் ரத்தம் ஓடும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். என் உள்ளங்கையில் அவன் கனமே இல்லை. மூச்சு விடும்போது வால் ஏறி ஏறி இறங்கியது.

நான் கோர்ட்டில் நாள் முழுக்கச் சாட்சியம் தட்டுகிறவள். பார்த்ததைச் சொல், நினைத்ததைச் சொல்லாதே என்று கூண்டில் நிற்கிறவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லப்படும். அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். துணியைப் பிடித்திருந்த கையோடு முதல் தடவையாக என்னையே கேட்டேன். இவன் ஏங்குகிறான் என்பதை நான் பார்த்தேனா, நினைத்தேனா?

அன்றைக்கே லீவு சொல்லிவிட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த டாக்டர் ரத்தம் நின்றிருப்பதைப் பார்த்தார். மாட்டையும் ஆட்டையும் எனக்குத் தெரியும், இதில் அரைகுறையாக ஏதாவது செய்துவிடக் கூடாது என்று நேர்மையாகச் சொல்லி, சேலத்தில் பறவைகளைப் பார்க்கிற ஒரு டாக்டரின் விலாசம் எழுதிக் கொடுத்தார். அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பழைய துண்டு விரித்து, அவனை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் விசில் கொடுக்கும்போதெல்லாம் துளை வழியாகப் பார்த்தேன். அவன் கொண்டை நிமிர்ந்தது. நீங்கள் போய் அத்தனை மாதம் ஆகியும் நான் ஒழுங்காக அழுதது அந்த பஸ்ஸில்தான், ஆத்தூர் வரைக்கும்.

சேலம் டாக்டர் அம்மா அவனைத் தராசில் வைத்தார். எழுபத்திரண்டு கிராம். இவன் வளர்த்திக்குத் தொண்ணூறாவது இருக்க வேண்டும் என்றார். பறவைகள் நோயைக் கடைசி வரை மறைத்து வைக்கும், நாம் பார்க்கும்போது அது மறைக்க முடியாமல் போன கட்டம் என்றார். இறகை விலக்கி விலக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பேனும் இல்லை, பூச்சியும் இல்லை. மூக்குத் துளை அடைத்திருந்தது. என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். கடையில் வாங்கும் தினையும் சூரியகாந்தி விதையும் என்றேன். குளிப்பானா என்று கேட்டார். நீங்கள்தான் வெயில் நேரத்தில் தண்ணீர் தெளித்து விளையாட்டுக் காட்டுவீர்கள், உங்களுக்குப் பிறகு அவன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தார்.

"கூண்டு எங்க வச்சிருக்கீங்க?"

எங்க மாமா படத்துக்குப் பக்கத்தில் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அங்க என்னென்ன ஏத்துவீங்க?"

ஊதுபத்தி என்று ஆரம்பித்தேன். சாம்பிராணி என்று வரும்போது குரல் இறங்கிவிட்டது. கற்பூரத்தைச் சொன்னேனா என்றே நினைவில்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பறவைக்கு நம்மைப் போல நுரையீரலோடு மூச்சு முடிந்துவிடுவதில்லை, உடம்பு முழுக்கக் காற்றுப் பைகள் உண்டு, நமக்கு வாசனையாக இருக்கிற புகை அதற்கு உள்ளே போய்த் தங்குகிறது என்று பொறுமையாகச் சொன்னார். புகையின் பிசுக்கு இறகில் படிந்திருக்கிறது, அரிக்கிறது, அதைச் சுத்தம் செய்யத்தான் அவன் பிய்க்க ஆரம்பித்திருப்பான். குளியல் இல்லாமல் தோல் காய்ந்திருக்கிறது. விதையை மட்டும் தின்று உடம்பில் சத்தும் இல்லை. அதற்கு மேல் நான் எண்ணெயைத் தடவியிருக்கிறேன்.

எனக்கு அப்போதும் மனசு விடவில்லை. "ஏக்கமா இருக்காதா மேடம்?" என்று கேட்டேன். பிச்சை கேட்கிற மாதிரி கேட்டேன்.

"இருக்கலாம்மா. ஏக்கத்துக்கு என்கிட்ட மருந்து இல்ல. புகைக்கு இருக்கு. இன்னைக்கே நிறுத்துங்க. கூண்ட வேற ரூமுக்கு மாத்தினா பத்தாது, வீட்டுக்குள்ளயே கூடாது. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா நீங்க இவன எடுத்துக்கிட்டு வர வேண்டியிருக்காது."

திரும்பி வரும் வழியில் ஒன்று நினைவுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் பீடி பிடிக்கத் தெருமுனைக்குப் போவீர்கள். வந்ததும் கை கழுவி, வாய் கொப்பளித்து, சட்டையை மாற்றிக்கொண்டுதான் கூண்டுக்குப் பக்கத்தில் போவீர்கள். கொசுவர்த்தியை யாராவது ஏற்றினால் ஒன்றும் சொல்லாமல் வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவீர்கள். இவருக்குத் திடீரென்று என்ன சுத்தம் என்று நான் கேலி செய்திருக்கிறேன். நீங்கள் காரணத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்து ஊதுபத்திக் கட்டு, சாம்பிராணி, கொசுவர்த்தி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தேன். டாக்டர் சொன்னதை அத்தையிடம் சொன்னேன். டாக்டர் சொன்னால் சரி என்றார்கள். படத்துக்கு முன்னால் ஒரு சின்ன மின்விளக்கு வாங்கி வைத்தேன், அதை அவர்கள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் மகனை உங்களுக்குத் தெரியும். வீட்டில் இரண்டு பெண்கள் குரல் தாழ்த்திப் பேசினாலே பைக் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

அன்றிலிருந்து நான் இறங்கி வேலை பார்த்தேன், மாமா. ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, காலை எடை, எத்தனை தும்மல், எத்தனை இறகு பிய்த்தான், எச்சம் என்ன நிறம். காலையிலும் மாலையிலும் ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்து. என் விரலில் அவன் கடிக்காத இடம் பாக்கி இல்லை. வெயில் ஏறினதும் தண்ணீர் தெளிப்பேன், முதல் வாரம் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். முருங்கைக் கீரை, கேரட், வேகவைத்த பூசணி எதையும் தொட மாட்டேன் என்றான். பக்கத்தில் உட்கார்ந்து நாம் ருசித்துத் தின்றால் அவனும் தின்பான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நானும் அத்தையும் கூண்டுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பச்சைக் கேரட்டைக் கடித்து, அருமை, அருமை என்று ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினோம். அத்தைக்கு இருக்கிற நாலு பல்லில் அது பெரிய காரியம். ஐந்தாம் நாள் ஒரு துணுக்கை எடுத்தான்.

இரண்டு வாரத்தில் எழுபத்தாறு. மூன்றாவது வாரம் எழுபத்தொன்பது. தும்மல் பாதியாகக் குறைந்தது. பிறகு எடை அங்கேயே நின்றுவிட்டது. நோட்டைப் புரட்டிப் பார்த்தால் வெள்ளியும் சனியும் தும்மல் கூடுகிறது, ஞாயிறு குறைகிறது. மறு வாரமும் அப்படியே. வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் என்ன நடக்கிறது? அன்றைக்கும் நான் கோர்ட்டுக்குத்தானே போகிறேன்?

உங்கள் படத்தின் சட்டத்தைக் கீழ்ப்பக்கம் விரலால் துடைத்துப் பார்த்தேன். சாம்பல்.

நான் சத்தம் போடவில்லை. விரலை அத்தையிடம் நீட்டினேன், அவ்வளவுதான். அவர்கள் மறுக்கவில்லை. அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எனக்கு அவராண்ட பேச வேற வழி தெரியலம்மா. பத்தி கொளுத்தி வச்சாதான் எதுர்ல வந்து குந்துன மாதிரி இருக்குது. அந்தக் கரண்டு வெளக்குல எனக்கு ஒண்ணும் வரல."

பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்கள்:

"ஏக்கம் அதுக்குன்னு சொன்னேன். எனக்குத்தாம்மா."

கோர்ட்டில் எத்தனையோ ஒப்புதல் வாக்குமூலம் தட்டியிருக்கிறேன். இதற்கு என் கை வரவில்லை. நான் ஊருக்குக் காட்டுவதற்காக ஏற்றிய புகையை, அவர்கள் உங்களைப் பார்ப்பதற்காக ஏற்றினார்கள். அதைப் பிடுங்குகிற உரிமை எனக்கு உண்டா? ஆனால் கூண்டில் அவன் மூக்கைக் கம்பியில் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

மறுநாள் காலை எழுந்து உங்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். அத்தை பதறிப்போய், அவரை எங்கே எடுத்துக்கொண்டு போகிறாய் என்றார்கள். மாடிக்கு என்றேன். நீங்களும் வாருங்கள், பையில் நிறைய ஊதுபத்தி இருக்கிறது, அங்கே ஏற்றுங்கள் என்றேன். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு பதினெட்டுப் படி. ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு தடவை என்னை முணுமுணுப்பாகத் திட்டிக்கொண்டே ஏறினார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் படத்தைச் சாய்த்து வைத்தேன். அத்தை ஏற்றினார்கள். அந்த நேரத்தில்தான் வெள்ளிமலைக்குப் போகிற முதல் பஸ் நம் தெருமுனையில் திரும்பியது. அதைப் பார்த்துவிட்டு அத்தை உங்களிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்கள். நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். உங்களுக்குள் ஆயிரம் இருக்கும்.

இப்போது தினமும் போகிறார்கள். சுவரில் மறுபடி மாட்டிய பெரிய படத்தை எடுத்துப் போக வேண்டாம் என்று உங்கள் கண்டக்டர் அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தை முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள். இறங்கி வந்ததும் கை கால் கழுவிவிட்டுத்தான் கூண்டுப் பக்கம் போகிறார்கள்.

இந்த ஆடியில் உங்களுக்கு வருஷ திதி வந்தது. போன வாரம்தான். செல்வி அண்ணியும் சொந்தக்காரர்களும் காலையிலேயே வந்துவிட்டார்கள். படையலை மாடியில் போட்டிருப்பதைப் பார்த்ததும் அண்ணிக்கு முகம் மாறிவிட்டது. நான் காரணம் சொன்னேன். நோட்டைக்கூடக் காட்டினேன். அவர்கள் அதை வாங்கவில்லை.

"எங்கப்பாவுக்கு எங்கப்பா வூட்டுக்குள்ள ஒரு பத்தி கொளுத்தக்கூடாதா? இன்னா, உங்க வேதத்துல சொல்லிக்கிறாங்களா?"

உங்கள் மகன் சட்டைப்பையைத் தடவினார், சாவி என்னிடம் இருந்தது. பறவைக்காக அப்பாவையே வெளியில் உட்கார வைத்துவிட்டாள், அதை எந்தக் கடையிலாவது கொடுத்துவிட்டு அப்பாவை உள்ளே கூப்பிடச் சொல்லுங்கள் என்று அண்ணி எல்லோரையும் பார்த்துச் சொன்னார்கள். எனக்கு ஒரு கணம் பழைய பயம் வந்தது. கீழே ஓடிப்போய் மூன்று பத்தி ஏற்றிவிட்டால் போதும், எல்லோர் வாயும் அடங்கிவிடும். நான் அசையவில்லை. ஏற்ற மாட்டேன், அவனைக் கொடுக்கவும் மாட்டேன் என்றேன்.

அத்தைதான் பேசினார்கள். இலையில் சோறு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார்கள்.

"உங்கப்பா இன்னா வூட்டுக்குள்ளயாடி இருந்தாரு? ஆயுசு பூரா பஸ்ஸு படியிலதான நின்னுக்கினு இருந்தாரு. காத்தாட நிக்கட்டும் வுடு."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. சாப்பிட்டார்கள், ஆனால் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இன்னும் போனும் பேசவில்லை. பரவாயில்லை, நான் காத்திருப்பேன். அவர்களுக்கும் அப்பா போய்விட்டார். அந்தக் கோபத்தை எங்கேதான் கொண்டுபோய்ப் போடுவார்கள்?

ரைட்டு இன்று காலை எண்பத்தாறு கிராம். இறக்கைக்கு அடியில் குருத்துகள் வரிசையாக வந்திருக்கின்றன, கடிக்காமல் விட்டு வைத்திருக்கிறான். நெஞ்சில் வலப்பக்கம் ஓரிடம் மட்டும் மொட்டையாகவே இருக்கும். பிய்த்துப் பிய்த்து அங்கே வேர் செத்துவிட்டது, இனி முளைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் உங்களை நினைக்கிறானா என்று எனக்குத் தெரியாது, மாமா. நினைக்கட்டும். ஆனால் அந்த மொட்டை இடம் அவன் ஏக்கத்தால் வந்ததில்லை. அது என் பயம். வாசலில் செருப்பைக் கழற்றுகிற ஒவ்வொருவரும் என்னை நல்ல மருமகள் என்று சொல்ல வேண்டும் என்கிற பயம். தினம் ஆறு ஊதுபத்தி ஏற்றினேனே, அதில் ஒன்றாவது உங்களுக்காக ஏற்றினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். இருந்த மாதிரி தெரியவில்லை.

அதனால் இந்த வாக்கை வாங்கிக்கொள்ளுங்கள். இனி என் கையால் உங்களுக்கு ஊதுபத்தி ஏற்ற மாட்டேன். அடுத்த திதிக்கும் மாட்டேன், அதற்கு அடுத்ததற்கும் மாட்டேன். யார் வந்து எந்தப் பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் மாட்டேன். கோர்ட் விட்டு வந்ததும் உங்கள் படத்துக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அன்றன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்வேன். உங்கள் மேல் கோபம் இருந்தால் அதையும் சொல்வேன். புகை இல்லாவிட்டால் நீங்கள் வர மாட்டீர்களோ என்று அத்தைக்கு இன்னும் உள்ளூரச் சந்தேகம். எனக்கு இல்லை, மாமா.

உங்களுக்குச் சளைக்காத பிடிவாதக்காரி,
உங்கள் மருமகள்
ஆரோக்கியமேரி